நாலு பிளாக் கூழ்

கூழுக்காகக் கலியாணம் செய்தவன் நான். காதலுக்காகச் செய்தவர்கள் உண்டு. சீதனத்துக்காகச் செய்தவர்கள் ஊர் நிறைய உண்டு. வேண்டாம் என்று சொல்வதற்கென்றே சைக்கிள் மிதித்துப் போய், ஒடியல் கூழில் விழுந்து மாப்பிள்ளையானவன், நானறிய, நான் ஒருவன்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தெட்டு வயது. பகலில் கச்சேரி எனும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன், மற்ற நேரங்களில் அறிஞன் (இந்த இரண்டாவது நியமனத்தை எனக்கு நானே வழங்கியிருந்தேன்). மானிப்பாயில் எங்கள் வாசிகசாலையில் பின்னேரங்களில் ஒரு விளையாட்டு நடக்கும்: இருப்பவரோ இறந்தவரோ, ஒருவரோடு ஒருநேரம் சாப்பிடலாம் என்றால் யாரைத் தெரிவாய்? மற்றவர்கள் நடிகைகளைச் சொல்வார்கள். நான் மட்டும் நஞ்சு குடித்துச் செத்த கிரேக்க ஞானியைச் சொல்லிவிட்டு, யன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்ப்பேன்.

இப்பேர்ப்பட்டவனுக்குக் கீரிமலைப் பக்கம் ஒரு கணக்கு ரீச்சரைப் பேசினார்கள். பெயர் வதனி. கணக்கு ரீச்சரோடு ஆயுள் முழுக்க என்னத்தைக் கதைப்பது? ஒரு மரியாதைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்வதாக முடிவு. அம்மா ஒரேயொரு நிபந்தனை போட்டார்.

"தேத்தண்ணி குடி. சாப்பாட்டுக்கு மட்டும் வாயைத் திறந்திடாதை. பொம்பிளை வீட்டிலை சாப்பிட்டால் சம்மதம் எண்டுதான் அர்த்தம். பிறகு மாறினால் அந்தப் பிள்ளையின்ரை பேரெல்லோ கெடும்."

துணைக்கு மாமா வந்தார். வந்தார் என்றால், என் சைக்கிள் கரியரில் ஏறி இருந்தார். இரண்டு சீமெந்து மூட்டைக்குச் சற்றுக் கூடுதலான மனிதர். ஒட்டிய வயிறுதான் ஞானிக்கு அழகு என்று நான் காலைப் புட்டையும் தவிர்த்திருந்தேன். கீரிமலையில் இறங்கியபோது என் வயிறு முதுகோடு கதைத்துக்கொண்டிருந்தது.

வதனி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே இருந்தாள். "தம்பி, ஏதும் கேக்கிறதெண்டால் கேளுங்கோ," என்றார் அவளுடைய தகப்பனார்.

தொண்டையைச் செருமினேன். "இருக்கிறவையிலையோ செத்தவையிலையோ, ஒராளோடை ஒருநேரம் சாப்பிடலாமெண்டால் நீர் ஆரைக் கூப்பிடுவீர்?"

மாமாவுக்குப் புரையேறியது. "டேய், நல்ல காரியம் பேச வந்த இடத்திலை செத்தவையை ஏன்ரா இழுக்கிறாய்!"

வதனி அசையவில்லை. "நீங்கள் ஆரைக் கூப்பிடுவியள்?"

சொன்னேன். சிறை, சீடர்கள், நஞ்சுக் கோப்பை, எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னேன்.

"பாவம்," என்றாள். "கடைசியா நஞ்சு குடிச்ச மனிசன். இனி ஆரும் கோப்பையை நீட்டினால் வாங்குவாரே?"

பத்து வருடமாக அந்த ஞானியைத் தலையில் சுமந்தவனுக்கு இப்படியொரு சிக்கல் தோன்றியதேயில்லை. பதில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் குசினிப் பக்கமிருந்து கூழ் மணந்தது. காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா, நண்டு, மீன், பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய். மூக்கு தானாகவே அந்தத் திசைக்குத் திரும்பியது.

தகப்பனார் கண்டுவிட்டார். "எங்களுக்கெண்டு கொஞ்சம் கூழ் காய்ச்சினது. தம்பி ஒரு வாய்..." என்று இழுத்தார்.

மாமா என் காலை மிதித்தார். என் மூளையோ தர்க்கத்தில் இறங்கியிருந்தது. அம்மா மறித்தது சாப்பாட்டை. தேத்தண்ணிக்குத் தடையில்லை. கூழ் என்பது யோசித்துப் பார்த்தால் தேத்தண்ணியின் தடித்த தமையன்தானே?

"ஓம், கொஞ்சமா," என்றேன்.

முதலாவது பிளா (பனையோலையை மடித்துக் கட்டிய கிண்ணம்) தர்க்கப்படியே இறங்கியது. இரண்டாவதில் ஒரு நண்டுக்கால் வந்தது. அதைக் கடிக்காமல் உள்ளே அனுப்ப வழியில்லை. தர்க்கத்தை விட்டுவிட்டுக் கடித்தேன். மூன்றாவதில் உறைப்பேறி, கண்ணாலும் மூக்காலும் ஒழுகத் தொடங்கியது. தகப்பனார் தன் சால்வையைத் தந்தார். நாலாவது வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே நீட்டினேன். கரும்பலகையில் பிழையான விடையைப் பார்ப்பதுபோல வதனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு என் சேட்டில் இருந்த மஞ்சள் கறையே போதுமாயிருந்தது.

"சாப்பிட்டனியோ?"

"கூழ் சாப்பாட்டிலை சேராதம்மா..."

"எத்தினை பிளா?"

"நாலு."

அம்மா பஞ்சாங்கம் எடுக்க உள்ளே போனார்.

இந்தக் கதையை இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் என் பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள். முடிவு வந்ததும் தாயின் குரலில் எல்லோரும் சேர்ந்து ஒப்புவிப்பார்கள். கலியாணம் முடிந்து ஆறாம் மாதம் ஒருநாள், பெருந்தன்மை தலைக்கேறி, வதனியிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன்: "உம்மை வேண்டாமெண்டு சொல்லத்தான் வந்தனான். உம்மடை பேர் கெடக்கூடாதெண்டுதான் பேசாமல் இருந்திட்டன்."

அவள் திருத்திக்கொண்டிருந்த கணக்குக் கொப்பியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"நாங்களும் உங்களை வேண்டாமெண்டு சொல்லத்தான் இருந்தனாங்கள். அப்பா ஒரு மரியாதைக்குத்தான் கூழ் வேணுமோ எண்டு கேட்டவர். நாலாவது பிளாவையும் நீட்டின ஆளிட்டை எந்த முகத்தோடை சொல்லுறது?"