உருப்படாதவன் என்று ஒரு சான்றிதழ்

ஹாம்பர்க் நகரத்துப் பனியைப் பல்லால் அரைத்து ஜீவித்திருக்கும் என் அண்ணன் மகன் ஒடார்க்வேக்கு, டெஷி கடற்கரையிலிருந்து உன் சித்தப்பா லொமோட்டே, அதாவது தேமா துறைமுகத்தின் மூன்றாவது கேட்டில் ஆயுசில் பாதியை நின்றே கழித்து, அட்லாண்டிக் சமுத்திரத்தை ஒருவனும் தூக்கிக்கொண்டு போகாமல் காத்த அதே லொமோட்டே, ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அத்தை அமெர்லேயும், கோழிகளும், ஆடும் நலம். நலம் என்று எழுதுவது மரபு என்பதால் எழுதினேன். உள்ளதைச் சொன்னால் ஆடு மட்டும்தான் நலம்.

உன் அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, உலகமே தேங்காய்ப்பாலுக்குள் முழுகினது மாதிரி இருக்கிறது என்கிறாள். போன மாதம் என் காலுறையைச் சோள மடலில் சுற்றி, விற்கிற கென்கே மாவுருண்டைகளோடு ஒன்றாக அவித்து, மிளகாய்த் துவையல் வைத்து விற்றே விட்டாள். வாங்கினவன் மறுநாள் வந்து நேற்றுப் போட்டதே இருக்கிறதா என்று கேட்டான் என்றால் அவள் துவையலின் மகிமையை நீயே புரிந்துகொள். அது போகட்டும். ஒரு வாரமாக வாசலில் கட்டியிருந்த ஆட்டை நான் என்று நினைத்து, என் சோம்பேறித்தனத்தைப் பற்றி அதற்கு உபதேசம் செய்திருக்கிறாள். ஆடு எதிர்த்துப் பேசாததால் தம்பி திருந்திவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தாள். இதெல்லாம் சிரிக்கிற விஷயம். மூன்று வாரத்துக்கு முன்னால் கொதிக்கிற அண்டாவுக்குள் கையை விட்டாளே, அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, அறுவை செய்தால் பார்வை திரும்பும், மழைக்காலம் முடிவதற்குள் செய்யவேண்டும், தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு சர்க்கார் மருத்துவ அட்டை வேண்டும். காசு கட்ட முடியாதவர்களுக்கு அட்டை இலவசம், ஆனால் காசு கட்ட முடியாது என்று நிரூபிக்கவேண்டும். மகனே, இந்த உலகத்தில் பணக்காரன் என்று நிரூபிக்க ஒரு கைக்கடிகாரம் போதும். ஏழை என்று நிரூபிக்க ஒரு ராஜ்ஜியத்தையே சாட்சிக்குக் கூப்பிடவேண்டியிருக்கிறது.

விசாரிக்க ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்தான். எடெம் என்று பேர், வோல்ட்டா பக்கத்துக்காரன், நல்ல பிள்ளை, ஆனால் நம்ம ஊர் வழக்கம் எதுவும் தெரியாது. நான் அந்த நேரம் பார்த்து மாமரத்தடியில் டாமே என்கிற காய் ஆட்டத்தில் ஒரு எதிரியின் சாம்ராஜ்ஜியத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே சகல கேள்விகளுக்கும் உன் அத்தையே பதில் சொல்லியிருக்கிறாள். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வருமானம் ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறான், ஏனென்றால் சட்டத்திலேயே அப்படித்தான் வாசகமாம். "தம்பி, எதிர்ல நிக்கிற நீயே எனக்குத் தெரியல, வருமானம் எங்கேருந்து தெரியப்போவுது" என்றாளாம். நிலையான வீடு உண்டா என்றானாம். மேற்குச் சுவர் போன மழையிலேயே தெருவுக்குக் குடிபோய்விட்டது, மற்றது எப்போது கிளம்பும் என்று தெரியாது என்றாளாம். இதுவரைக்கும் ஒரு வக்கீல் சொல்லிக்கொடுத்தால்கூட இவ்வளவு அழகாக வராது. அடுத்ததாக வண்டி வாகனம் ஏதாவது என்று கேட்டான் பார், அங்கே கவிழ்ந்தது படகு.

"ஒரு பென்ஸ் இருக்கு, வெள்ளைக் கலரு. பின்கட்டுல நிக்குது. இன்னும் யாரும் அதுல போகல."

இவளுக்குப் பொய் வராது என்பதுதான் நம் குடும்பத்தின் நிரந்தரத் துரதிர்ஷ்டம். நம்ம ஊரில் ஆள் எதில் பிழைத்தானோ அதில்தானே மண்ணுக்குள் போவான், மீனவன் மீன் உருவப் பெட்டிக்குள்ளே, வெங்காயம் விற்றவள் வெங்காயத்துக்குள்ளே. அப்படி லாரி முதலாளி ஒருத்தருக்காக நம்ம தச்சன் அனாங் செய்த பென்ஸ் சவப்பெட்டி அது. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொன்னதை நம்பி அவர் வீட்டார் அவசரப்பட்டு ஆர்டர் கொடுத்தார்கள். மனுஷர் பெட்டியைப் பார்த்த பயத்திலேயே பிழைத்து எழுந்துவிட்டார், இப்போது அனாங் பட்டறை இருக்கிற தெரு வழியாகக்கூடப் போவதில்லை. பட்டறைக் கூரை ஒழுகுகிறது என்று அனாங் அதைக் கொண்டுவந்து நம்ம பின்கட்டில் தார்ப்பாய் போட்டு வைத்தான். எடெம் எட்டிப் பார்த்திருக்கிறான். தார்ப்பாய்க்கு வெளியே மூக்கு மட்டும் தெரிகிறது, விளக்கு இரண்டும் மினுங்குகிறது, நட்சத்திரம் நிமிர்ந்து நிற்கிறது. அனாங்கின் கைவேலையை ஜெர்மனியில் அந்தக் கம்பெனிக்காரனே பார்த்தாலும் பெட்ரோல் ஊற்றிவிட்டுத்தான் சந்தேகப்படுவான். பையன் பாயைத் தூக்காமலேயே பென்ஸ் ஒன்று என்று எழுதிக்கொண்டு போய்விட்டான், அடுத்த வாரமே உன் அத்தை ஏழை இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது.

சும்மா விடுவேனா. உன் தாத்தாவின் கென்டே துணியை எடுத்து, தோளில் போட்டுக்கொண்டு, ராஜநடையாக ஆபீசுக்குப் போனேன். அங்கே மேடம் பொமா என்று ஒரு அதிகாரி, குமாசிப் பக்கத்து அம்மாள், கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தால் கல்லும் வரி கட்டும். இவ்வளவு உயர்ந்த துணியைக் கட்டிக்கொண்டு ஏழை என்று சொல்ல வந்திருக்கிறீர்களே பெரியவரே என்றாள். ஏழை என்று சொல்ல வரும்போதாவது மரியாதையாக வரவேண்டாமா என்றேன். அது கார் இல்லையம்மா, பிணப்பெட்டி என்றேன். எல்லோரும் இப்படி ஏதாவது சொல்வார்கள், நேரில் கொண்டுவந்து காட்டுங்கள் என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் ஆறு மீனவர்களைப் பிடித்துப் பென்ஸைத் தோளில் ஏற்றினேன். அனாங் முன்னால், நான் பின்னால், என் துணி முனையைப் பிடித்துக்கொண்டு உன் அத்தை. நம்ம ஊரில் ஒரு பெட்டி தெருவில் போனால் பின்னால் போகாதவன் வெளியூர்க்காரன். முதல் திருப்பத்தில் சந்தைப் பெண்கள் சேர்ந்தார்கள், இரண்டாவது திருப்பத்தில் தேவாலய வாசலில் பயிற்சி செய்துகொண்டிருந்த பித்தளை வாத்தியக்காரர்கள், கேட்காமலேயே. சாராயக்கடை வந்ததும் ஆறு பேரும் தள்ளாடி, பெட்டி எங்களை உள்ளே இழுக்குது, செத்தவருக்கு அங்கே ஏதோ சொல்ல வேண்டியிருக்கு என்று நுழைந்துவிட்டார்கள். செத்தவர் உள்ளே இருந்தால் இழுப்பார், வழக்கம்தான். காலிப் பெட்டி இழுத்ததை டெஷி அன்றைக்குத்தான் பார்த்தது.

இதற்குள் போனது யார் என்று ஒருத்தி கேட்க, லொமோட்டே வீட்டிலிருந்து வருகிறது, அப்போ அமெர்லேயாகத்தான் இருக்கும் என்று இன்னொருத்தி சொல்ல, ஊரே ஓ என்று அழ ஆரம்பித்தது. உன் அத்தை என் துணியை இழுத்து யார் போனது என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு கிழவி, அவளும் அரைக்குருடு, "அமெர்லே போயிட்டாளாம்மா" என்றாள். உன் அத்தை, கீழைத்தெரு மீன்காரி அமெர்லேதான் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டு, தலைத்துணியைப் பிடுங்கி எறிந்து, அந்த மொத்தக் கூட்டத்திலும் சத்தமாக ஒப்பாரி வைத்தாள். போனவள் எவ்வளவு நல்லவள் என்று பாடிவிட்டு, அளவில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றுவாள் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். தன் சாவுக்குத் தானே அழுத பெண்ணை இந்தக் கடற்கரை இதுவரை பெற்றதில்லை.

ஆபீஸ் வாசலில் பெட்டியை இறக்கிப் பாயை விலக்கினதும் எடெம் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கதவைத் திறந்தான், உள்ளே ஸ்டீயரிங் இல்லை, வெள்ளைச் சாட்டின் மெத்தை. மேடம் பொமா வெளியே வந்து, சரி, கார் இல்லை, ஒப்புக்கொள்கிறேன் என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை நான் விடுவதற்குள், இவ்வளவு பெரிய பெட்டி வைத்திருக்கிற குடும்பம் எப்படி ஏழையாகும் என்றாள். அனாங் நெஞ்சில் அடித்துக்கொண்டு பெட்டி என்னுடையது, இவர்களுக்குச் சாதாரணப் பலகைக்குக்கூட வக்கில்லை என்று சாட்சி சொன்னான். அவ்வளவு உரக்கச் சொல்லியிருக்கவேண்டியதில்லை, இருந்தாலும் உபகாரம்தான். போனவள் எங்கே என்று மேடம் கேட்டாள். இதோ என்று உன் அத்தையை முன்னால் நிறுத்தினேன். கூட்டத்தில் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. இந்த அம்மாளுக்கு வேறு யாராவது தொடர்ந்து உதவி செய்கிறார்களா என்றாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தெரு முழுக்க ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டது. ஹாம்பர்க்கில் ஒடார்க்வே இருக்கிறானே, துறைமுகத்தில் பாதி அவனோடது, கப்பல் மூன்று வாங்கிவிட்டான், நாலாவதுக்கு விலை பேசுகிறான், ஜெர்மனிக்காரிகள் குடை பிடிக்கிறார்கள். யார் சொன்னது என்று மேடம் கேட்டாள். அத்தனை விரலும் என் பக்கம் திரும்பியது. மகனே, மாமரத்தடியில் ஒரு சித்தப்பன் தன் அண்ணன் மகனைப் பற்றிச் சொல்லவேண்டியதைத்தான் சொன்னேன், அதற்கு மேல் ஒரு படகுகூடச் சேர்க்கவில்லை.

"பெரியவரே, உண்மையச் சொல்லுங்க. அந்தப் பையன் அங்க என்ன வேலை பாக்குறாரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். டாமே ஆடுகிற என் எதிரிகள் அத்தனை பேரும் முன்வரிசையில் நிற்கிறார்கள். வாத்தியக்காரன் ஊதுகொம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டான். உன் அத்தை என் துணி முனையை விடாமல் பிடித்துக்கொண்டு, குரல் எந்தப் பக்கம் வருகிறது என்று தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். கையில் அண்டாவில் சுட்ட புண்ணுக்குப் போட்ட கட்டு இன்னும் இருந்தது.

"குளிர் கிடங்குல மீன் பெட்டி தூக்குறான்மா," என்றேன். "அதுவும் போன வருஷமே நிறுத்திட்டாங்க. கிறிஸ்துமஸுக்கு ஒரு கோட்டு அனுப்பினான். இந்த வெயில்ல அதை ஆடுதான் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கு."

பிறகு அனாங் மட்டும், மீன் பெட்டிதானே, நம்ம அப்பன்மார் தூக்காததா என்றான். மேடம் பொமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இத்தனை பேர் சாட்சி எதிர்ப்பக்கம் இருப்பதால் அவனே கைப்பட எழுதி அனுப்பட்டும், வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

ஆகையால் மகனே, இந்தக் கடிதம் கிடைத்ததும் கீழ்க்கண்டவாறு எழுதி அனுப்பவும். நான் ஒடார்க்வே, வேலை வெட்டி இல்லாதவன், அத்தைக்கு ஒரு காசுகூட அனுப்பாதவன், என்னால் யாருக்கும் எந்த உபகாரமும் இதுவரை இல்லை, இனிமேலும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை, உருப்படாதவன் என்று என் சித்தப்பா சொல்வது முற்றிலும் மெய். ரொம்பவும் அழகாக எழுதாதே. எழுத்து நன்றாக இருந்தால் சம்பளம் வருகிறது என்று சந்தேகப்படுவார்கள். ஒன்று மட்டும் உனக்குத் தனியாகச் சொல்கிறேன், ஆபீசில் காட்டாதே. நீ வேலை போனதைச் சொல்லாமல் கோட்டு அனுப்பினாய் என்பது எங்களுக்குத் தெரியும். உன் அத்தை அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, நீ போட்டுக்கொண்டிருந்த கோட்டுதான் இது, பொத்தான் ஒன்று உன் கையாலேயே தைத்தது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

கடலுக்குச் சொந்தமான தெய்வங்களும், ஞாயிற்றுக்கிழமைக்குச் சொந்தமான கர்த்தரும், நம் வீட்டுப் பெரியவர்களும் ஒருவரோடு ஒருவர் சண்டை போடாமல் உன்னைக் காக்கட்டும். உன் காது உறையாமல் இருக்கட்டும். நல்ல வேலை கிடைக்கட்டும், ஆனால் அட்டை வந்த பிறகு.

இப்படிக்கு,
முன்னாள் சமுத்திரக் காவலன்,
உன் சித்தப்பா லொமோட்டே

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, எழுபது தாண்டினவர்களுக்கு ஏழையோ பணக்காரனோ அட்டை சும்மாவே கொடுக்கிறார்களாமே என்றாள். யார் சொன்னது என்றேன். அந்த எடெம் பையன் முதல் நாளே சொன்னான், வயசு என்ன என்று கேட்டான், அறுபத்திரண்டு என்று சொல்லிவிட்டேன் என்றாள். மகனே, இவள் அக்ராவைக் குலுக்கிய நிலநடுக்க வருஷத்தில் பிறந்தவள், எழுபதை எப்போதோ தாண்டினவள், பிறந்த சத்தத்தில்தான் நிலம் நடுங்கியது என்று உன் தாத்தாவே சொல்வார். ஏன்டி அக்கா, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்கோலம் போகும்போதாவது சொல்லக்கூடாதா என்று கத்தினேன். "ஏழைன்னு ஊர் சொன்னா சொல்லிட்டுப் போவட்டும்டா. தேவாலயப் பாட்டுக்குழுத் தலைவர் ஒருநாளும் என்னைக் கிழவின்னு கேள்விப்படக் கூடாது" என்றாள். இன்று காலை யாருக்கும் தெரியாமல் பின்வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன், எடெம் காதில் மட்டும் வருஷத்தைச் சொன்னாள், அட்டை கிடைத்துவிட்டது, வருகிற செவ்வாய் அறுவை. இருந்தாலும் நீ உருப்படாதவன் என்ற கடிதத்தை மறக்காமல் அனுப்பு. ஆபீசுக்கு வேண்டாம், தேவாலயக் கதவில் ஒட்டவேண்டும். அட்டை ஏழ்மைக்காகத்தான் கிடைத்தது என்று அந்தப் பாட்டுக்குழுத் தலைவர் நம்பவேண்டும்.