சர்க்கஸ்காரர்கள் கேட்ட அனுமதி

சிவமயம்

ரங்கூன், அலோன்
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அருமை மகள் கலாவுக்கு, காளியம்மன் கிருபையால் சகல பாக்கியமும் உண்டாகட்டும் என்று அப்பா ராஜரத்தினம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அம்மாவும் சௌக்கியம். கரண்ட்தான் சௌக்கியமில்லை, வந்தால் வருகிறது, வராவிட்டால் வார்டு முழுவதும் ஒன்றாக இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறவளிடம் சௌக்கியமா என்று எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அந்த வரியை விட்டுவிட்டேன். இக்கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பக்கத்து வீட்டு பர்கத்துல்லா பாயின் மகள் இக்ரா பாங்காக் போகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், அங்கிருந்து உனக்கு அனுப்பிவைப்பாள். ஆகையால் கொஞ்சம் வாய்விட்டே எழுதுகிறேன்.

கணக்குப் படிக்கத்தானே அம்மா உன்னை பிரிஸ்பேனுக்கு அனுப்பினோம்? நீ அனுப்பிய சர்க்கஸ் வீடியோவைக் கரண்ட் வந்த நேரத்தில் பார்த்துவிடலாம் என்று போனைச் சுவரில் சாய்த்து வைத்தேன், அதற்குள் சந்து முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது. உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசிய நாலைந்து பேர் நாரை மாதிரி கழுத்தை வளைத்து ஆடுகிறார்கள், ஓரத்தில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்து அந்த நாரையின் கதையைச் சொல்கிறார், தலைக்கு மேலே கயிற்றில் ஒரு பெண் சுற்றிச் சுற்றி இறங்குகிறாள், முன்வரிசைக் குழந்தைகள் கைதட்டிச் சிரிக்கின்றன. உன் அம்மா அந்த வெள்ளை மண்ணைத் திருநீறு என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பர்கத்துல்லா பாய், "கயித்துல தொங்க ஆஸ்திரேலியாவா போகணும், துறைமுக வார்ஃப்ல உங்க பழைய கிரேன்லயே தொங்கியிருக்கலாமே" என்றார். முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன் நான், உன் முகத்தைப் பார்க்காமல் கயிறு மாட்டியிருந்த கொக்கியையே பார்த்துக்கொண்டு, காளியம்மா காளியம்மா என்று கும்பிட்டபடி இருந்தேன். அந்தப் பெண் பத்திரமாகத் தரையில் கால் வைத்துத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, அது நீ இல்லை. நான் கும்பிட்டதெல்லாம் யார் பெற்ற பிள்ளைக்கோ போய்விட்டது. நீ இறங்கும் கட்டம் வருவதற்குள் கரண்டும் வைஃபையும் சேர்ந்தே போய்விட்டன.

அடுத்தது உன் மெசேஜ். நீ ஆன்ட்டி மெரில் என்று எழுதும், ஓரத்தில் உட்கார்ந்து கதை சொன்ன அந்த அம்மாள்தான் சர்க்கஸ் கம்பெனிக்குத் தலைவி, அந்த மண்ணின் பூர்வகுடி, எல்லாம் படித்துக்கொண்டேன். ஒவ்வொரு கதைக்கும் சொந்தக்காரர் உண்டு, நாரை ஆட்டம் அவர் தாய்வீட்டுக் கதை, கேட்காமல் யாரும் ஆடக்கூடாது, சரி. அந்தக் காலத்தில் அவர்கள் பிள்ளைகளையும் வெள்ளைக்கார அதிகாரிகள் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதையும் ஒரு வித்தையாக வைத்திருக்கிறார்கள், ஒரு சின்னப் பெண்ணைக் கைக்குக் கை வீசிப் பிடிப்பார்கள், கடைசியில் அவளைத் திரும்ப வாங்கக் கையில்லாமல் போகும், அதுவரை சிரித்த குழந்தைகள் அமைதியாகிவிடும் என்று எழுதியிருந்தாய். அதையும் படித்தேன். படித்துவிட்டு வாசலில் போய் நின்றேன். அதற்குப் பக்கத்திலேயே உன் அண்ணன் தனசேகரனை, லைங் தாயாவில் ஃபாக்டரி பஸ்ஸை விட்டு இறங்கியவனை, அப்படியே லாரியில் ஏற்றிப் பட்டாளத்துக்குக் கொண்டுபோன கதையை நீ ஆட வேண்டுமாம், அதற்கு அப்பா அனுமதி தர வேண்டுமாம்.

அனுமதி என்ற சொல்லைப் பார்த்ததும் என் கால் தானாகச் செருப்பைத் தேடியது. இந்த ஊரில் அனுமதி என்றால் வார்டு ஆபீஸ், வார்டு ஆபீஸ் என்றால் வாசல் மரத்தடியில் மனு எழுதும் ஷம்சுதீன். நல்ல லுங்கியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"என்ன அண்ணே, எதுக்கு அனுமதி கேக்கணும்?"

"கேக்க வேணாம் தம்பி. குடுக்கணும்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குடுக்கணும்னா? யாரு?"

"நான்தான். ஒருத்தங்க என்கிட்ட அனுமதி கேட்டிருக்காங்க."

"உங்ககிட்டயா?" தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அண்ணே, இந்த மரத்தடியில உக்காந்தே எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. குடுக்கிறவங்கன்னு ஒருத்தரும் என்கிட்ட வந்ததில்ல. அதை எப்படி எழுதறதுன்னே எனக்குத் தெரியாதே! சரி, என்ன விஷயமா?"

வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு கங்காரு கதை" என்றேன்.

"கங்காருவுக்கு நீங்க என்ன உறவு?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். டீ வாங்கிக் கொடுத்து, வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவைத்தார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். லாரியில் ஏற்றியவன் என்னைக் கேட்டானா? தலையை மொட்டையடித்தவன் கேட்டானா? எந்த மலைக்கு அனுப்பினார்கள் என்றாவது சொன்னார்களா? கடலுக்கு அந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் உட்கார்ந்துகொண்டு, உங்கள் மகன் கதையைச் சொல்லலாமா என்று என்னைக் கேட்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது கலா. இத்தனை நாள் ஒருத்தரும் கேட்காத கோபம் முழுவதும் கேட்ட அந்த ஒருத்தர் மேல் திரும்பிவிட்டது.

அதோடு விட்டாரா? இரண்டாவது ஒரு கேள்வி. அவர்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் கொஞ்ச காலத்துக்கு அவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்களாம், அதனால் அண்ணன் பெயரைச் சொல்லி ஆடுவதா, சொல்லாமல் ஆடுவதா என்று அப்பாவிடம் கேள் என்றாராம். ஏம்மா, இது கேட்கிற கேள்வியா? தனசேகரன், தனசேகரன், தனசேகரன். எழுதிவிட்டேன், போதுமா? ஆனி மாதம் போன் பண்ணினான், அப்புறம் பண்ணவில்லை, மலைக்காட்டில் ஏது டவர், இங்கே அலோனிலேயே மாடிக்குப் போய்க் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. பெயரைச் சொல்லலாம் என்று எழுதினால், எப்படித் தெரியும் அப்பா என்று நீ திருப்பிக் கேட்பாய். சொல்ல வேண்டாம் என்று எழுத எனக்குக் கை வராது. உன் அம்மாவையும் நினைத்துப் பார். அவள் ஒன்றும் தெரியாதவள். தைப்பொங்கலுக்கு வந்துவிடுவான் என்று நான் சொல்கிறேன், அவளும் தலையாட்டுகிறாள். இப்படி ஒரு கேள்வி வந்தது தெரிந்தால் அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் யார் தூக்கி நிறுத்துவது? நான் ஒருத்தன் தைரியமாக இருப்பதால்தான் இந்த வீடு ஏதோ நடக்கிறது.

ஆகவே அனுமதி இல்லை. ஆன்ட்டி மெரில் அம்மாளுக்கு என் வணக்கத்தைச் சொல். கேட்டதற்கு ரொம்ப நன்றி, ஆனால் முடியாது என்று சொல். குழந்தை குட்டியோடு சிரிக்க வருகிறவர்கள் முன்னால் நம் வீட்டுச் சங்கதி எதற்கு? நாரையை ஆடட்டும், அது நன்றாகவே இருந்தது. நீயும் கயிற்றை விட்டு இறங்கிக் கணக்கைப் படி. தலைக்கு எண்ணெய் வை. நீ எங்கே நின்றாலும் தொங்கினாலும் காளியம்மன் உன் கைப்பிடி நழுவாமல் காப்பாள்.

இப்படிக்கு,
உன் நன்மை ஒன்றையே நினைக்கும் அப்பா,
ஊ ராஜரத்தினம்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்கு முன் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பெயர் விஷயத்தை மட்டும் தாண்டிவிட்டேன். அவள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி அந்த இடத்தையும் படித்தாள். இடிந்து உட்காரவில்லை. "பேரு சொல்ல வேணாம்னு எழுதுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. என்ன உளறுகிறாய் என்று கேட்டேன். அதே லாரியில் கூட ஏற்றப்பட்ட பவுனம்மாள் மகன் புரட்டாசியிலேயே ஒற்றைக் காலோடு திரும்பி வந்திருக்கிறான். உன் அண்ணன் உயிர் அவன் பக்கத்தில்தான் போயிருக்கிறது. பவுனம்மாள் கோயிலில் வைத்து உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "ஏண்டி என்கிட்ட சொல்லல" என்று கத்திவிட்டேன். "வந்துருவான், வந்துருவான்னு சொல்லிக்கிட்டே நீங்க சோறு சாப்பிட்டீங்க. அந்த மட்டுக்கும் போதும்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு அவளே, "புள்ளைங்க பாக்கட்டும். அந்த ஊர்லயாவது அவன் கதையை வாய் திறந்து சொல்லட்டும்" என்றாள்.

கலா, மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத இப்போது என்னால் முடியாது, அப்படியே அனுப்புகிறேன். அந்த அம்மாள் கேட்டது கதைக்குச் சொந்தக்காரரை. நான் என்று நினைத்துக்கொண்டு இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். சொந்தக்காரி அனுமதி கொடுத்துவிட்டாள். ஆடுங்கள். பெயரைச் சொல்ல வேண்டாம்.