பரிசீலனையில் இருக்கிறது

மனிதர்களில் பரிசீலனைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். சோம்பேறி படுத்துக் கிடப்பான். இவர் நாள் முழுக்க ஓடியாடி, விசாரித்து, ஒப்பிட்டு, அச்செடுத்து, அடிக்கோடிட்டு, காலையில் நின்ற அதே இடத்தில் மாலையில் வியர்வையோடு நிற்பார். செருப்பு வாங்க இவரோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். கடைக்காரர் பெட்டிகளுக்கு நடுவே காணாமல் போயிருப்பார். பரிசீலனைக்காரர் பழைய செருப்போடு வீடு திரும்புவார். முகத்தில் மட்டும் பெரிய காரியத்தை முடித்த களை.

செருப்போடு நின்றால் பிழைத்தோம். இவர் கையில் ஒரு நிறுவனத்தைக் கொடுத்துவிட்டால்?

கொடுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டி செய்யும் சிறு நிறுவனம். ஒரு கொட்டகை, இரண்டு வெட்டும் இயந்திரங்கள், ஓர் அலுவலக அறை, பத்தொன்பது தொழிலாளர்கள். நடத்தி வந்த அண்ணன் ஒரு மழைக்காலக் காலையில் பேனாவைத் திறந்தபடியே மேஜையில் சாய்ந்து இறந்துபோனார். நாற்காலியில் தம்பி உட்கார்ந்தார். இறந்தவருக்கு ஒரே மகள். வேறோர் ஊரில் மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவள். அம்மாவைத் தனியே விட மனமில்லாமல், வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு தங்கிவிட்டாள். சித்தப்பாவைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் அவளுக்கு இப்படித்தான் கிடைத்தது.

சித்தப்பா எடுத்த முதல் முடிவு, சம்பளத்துக்கும் வருகைக்கும் விடுப்புக்கும் சேர்த்து ஒரு மென்பொருள் வாங்குவது. அதுவே அவர் எடுத்த கடைசி முடிவும். எந்த மென்பொருள் என்பது பரிசீலனையில் இருக்கிறது.

இந்த வகை மென்பொருளை விற்பவர்கள் எல்லோரும் முதல் மாதம் இலவசம் என்கிறார்கள். பரிசீலனைக்காரர் காதில் விழவே கூடாத சொல் அது. சித்தப்பா ஒன்றை வரவழைத்தார். அண்ணன் காலத்து ஊழியர் பட்டியலைப் படங்களோடும் கைபேசி எண்களோடும் அப்படியே அதில் ஏற்றினார். மாதம் முடிந்ததும் இன்னும் ஒரு மாதம் கெஞ்சி வாங்கினார். அதற்குள் இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, ஆறு வந்தது. அலுவலகச் சுவரில் ஒப்பீட்டுக் கட்டங்கள் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஜன்னல் வரை படர்ந்து, ஜன்னலைத் தாண்டி அந்தப் பக்கமும் தொடர்ந்தன. சம்பளம்? அண்ணன் எழுதி வைத்துவிட்டுப் போன பழைய எக்செல் தாளில்தான் மாதாமாதம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கட்டமில்லை. போட்டியில் அது சேரவில்லை.

விற்பனைப் பையன்களை அவர் விசாரிக்கும் அழகைக் கேட்க வேண்டும்.

"கப்பல்ல வேலை செய்யறவங்களுக்கு ஷிப்ட் போட முடியுமா இதுல?"

"உங்ககிட்ட கப்பல் இருக்குங்களா சார்?"

"இப்போ இல்ல."

அந்த 'இப்போ'வில்தான் இந்த இனம் முழுவதும் குடியிருக்கிறது. வாழ்கிற நாளுக்கு இவர்கள் எதையும் வாங்குவதில்லை.

தொழிலாளர்கள் அவருக்குப் 'பரிசீலனை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெட்டும் இயந்திரத்தில் வேலை செய்யும் அக்கா தன் பெண்ணைப் பள்ளியில் சேர்க்க ஒருநாள் விடுப்பு கேட்டார்.

"ஆறு சாஃப்ட்வேர்லயும் போட்டுடும்மா. எது நல்லா வேலை செய்யுதுன்னு பாத்துடலாம்."

"எனக்கு லீவு ஒண்ணு போதுங்க."

ஆறிலும் போட்டார். மூன்று அனுமதித்தன. இரண்டு மறுத்தன. ஒன்று, பணியில் சேர்ந்த ஆண்டுநிறைவுக்கு அவரை வாழ்த்தியது. எதை நம்புவது என்று தெரியாமல் அவர் பாதி நாள் விடுப்பில் போனார்.

இதுவரை சிரிக்கலாம். மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்தப் பட்டியலின் முதல் வரி. அண்ணன் தன்னையும் ஊழியராகவே எழுதி வைத்திருந்தார். முதல் பெயர் அவருடையது. ஆறு மென்பொருளுக்கும் அவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் வேலைக்கு வரவில்லை. அவருடைய கைபேசியை அம்மா தினமும் சார்ஜ் போட்டு, கட்டில் பக்கத்தில் வழக்கமான இடத்திலேயே வைத்திருக்கிறார். காலை பத்து மணி ஆனால் அது அதிரத் தொடங்கும்.

'நீங்கள் இன்று பணிக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்.' இது கண்டிப்பான ஒன்று. 'தொடர்ந்து வராததால் ஊதியம் பிடிக்கப்படலாம்.' இது மிரட்டுவது. 'நீங்கள் இல்லாமல் எங்கள் குழு முழுமையடையவில்லை.' இதைச் செய்தவனை மகள் மனத்துக்குள் பலமுறை அடித்திருக்கிறாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆறையும் படிப்பார். "மெஷினுக்குக்கூட தெரியுது, அவர் வரலைன்னு. உங்க சித்தப்பாவுக்குத்தான் தெரியல" என்பார். பிறகு அன்று முழுக்க ரேடியோ பக்கமே போகமாட்டார்.

மகள் அலுவலகத்துக்குப் போனாள்.

"சித்தப்பா, அப்பா பேரை எடுத்துடுங்க."

"எடுத்துடலாம்மா. ஆனா எதுல எடுக்கறது?"

"ஆறுலயும்."

"அது வீண் வேலை இல்லையா? எது நமக்கு நிரந்தரமோ அதுல எடுத்தா போதும். தேர்வு முடியட்டும்." பிறகு கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். "தவிர, இங்க பாரு. வேலையை விட்டுப் போன காரணம் கேக்குது. ராஜினாமா, பணிநீக்கம், ஓய்வு, தலைமறைவு. நாலுதான் இருக்கு. இதுல அண்ணனை எதுல போடறது? நீயே சொல்லு."

சித்தப்பா எழுந்து போய், சுவரில் அந்த மென்பொருளின் கட்டத்தைச் சிவப்பாக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காக மன்னித்துவிடாதீர்கள். அழுகிற பரிசீலனைக்காரர் இன்னும் மெதுவாகத்தான் முடிவெடுப்பார்.

ஏழாவதாக முகம் பார்த்து வருகை போடும் கருவி வந்தது. விற்பனையாளர் அதை வாசலுக்கு உள்ளே சுவரில் பொருத்திவிட்டு, ஒரு மாதம் இலவசம், கைபேசிக்குச் செய்தி மட்டும் நான்காம் நாளிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா பழைய பட்டியலை அதிலும் ஏற்றினார். அட்டைத்தூள் படிந்த முகங்கள் அதற்குப் பிடிபடவில்லை. பத்தொன்பது பேரும் முகம் கழுவிக்கொண்டு வந்து, வரிசையில் நின்று, அதன் முன்னால் தாடையைத் தூக்கிக் காட்டினார்கள்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வந்த மகளிடம் வெட்டும் இயந்திரத்து அக்கா சொன்னார்: "நான்தாங்க கதவைத் திறந்து லைட்டைப் போட்டேன். ஆனா எனக்கு முன்னாடியே முதலாளி வந்துட்டாருன்னு காட்டுது."

"சித்தப்பாவா?"

"அவரு எங்கங்க அந்நேரத்துக்கு வந்தாரு. பெரியவரு."

மகள் திரும்பிப் பார்த்தாள். கருவிக்கு நேர் எதிர்ச்சுவரில் அப்பாவின் சட்டமிட்ட படம். விளக்கு எரிந்ததும் கருவி கண்ணைத் திறக்கிறது. முதலில் தெரிகிற முகத்துக்கு வருகை போடுகிறது. உயிருள்ள முகத்துக்கும் படத்துக்கும் வித்தியாசம் தெரியாத கருவி. எவரும் சக தொழிலாளியின் படத்தைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். ஒரே வரியில் நிராகரிக்க வேண்டிய குறை. அவள் தொழிலே அது.

சித்தப்பா எல்லாக் கடவுச்சொற்களையும் எழுதி அவள் கையில் கொடுத்தார். "நீதான் படிச்சவ. நீயே பாத்து முடிவு சொல்லும்மா." தன் பாரத்தை இன்னொரு தலைக்கு மாற்றும்போது இந்த இனத்தின் முகத்தில் வரும் அமைதி தனி.

அவள் உட்கார்ந்தாள். ஆறு மென்பொருளிலும் முதல் வரியை நீக்கினாள். காரணம் கேட்ட இடங்களில் 'ஓய்வு' என்று போட்டாள். தேநீர் ஆறுவதற்குள் ஆறும் முடிந்தன. இத்தனை மாதம் ஜன்னலைத் தாண்டிப் படர்ந்த வேலை அவ்வளவுதான். ஏழாவதை, வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பாவின் கைபேசி அதிரவில்லை. எட்டே காலுக்கே அதிர்ந்திருந்தது. அம்மா கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

'காலை வணக்கம். உங்கள் வருகை பதிவாகிவிட்டது. நாள் இனிதாக அமையட்டும்.'

அவள் பயந்துகொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு நேரத்தோட போயிட்டாராம்" என்றார் அம்மா. சொல்லிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு ரேடியோவைப் போட்டார். காய் நறுக்க உட்கார்ந்தார்.

மாலையில் சித்தப்பா கேட்டார். "அந்த ஏழாவது எப்படிம்மா? வாங்கலாமா, வேண்டாமா?"

மகள் சுவரைப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியது ஒரு சொல்.

"அவசரப்பட வேண்டாம் சித்தப்பா. டிரையலை இன்னும் ஒரு மாசம் நீட்டிக்கச் சொல்லுங்க. நிறைய பாக்க வேண்டியிருக்கு."

சித்தப்பா அவளைப் பெருமையோடு பார்த்தார். குடும்பத்தில் தனக்கு ஒரு வாரிசு கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் அலமாரியில் யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடி இருக்கிறதே, அதை என்ன செய்வதாக உத்தேசம்? இனி அடிக்கப்போகாத ஓர் எண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்காமல் வைத்திருக்கிறீர்களே, அது எப்போது? யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்படித்தானே. வாருங்கள். சித்தப்பாவின் சுவரில் உங்களுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. என்ன நிறம் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.