உம்மு கஸ்வான் ஊற்றிய தண்ணீர்

பாக்தாத், கர்ராதா
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய என் ஒரே தங்கை சாஹிராவுக்கு, அண்ணன் ஹிக்மத் எழுதிக்கொள்வது. உன்மீதும் உன் வீட்டின்மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கே நான் நலமா என்று கேட்டால், நலம் என்று முத்திரை குத்திய காகிதம் இரண்டும், நலமில்லை என்று ஒன்றும் மேசைமேல் இருக்கின்றன. மூன்றும் காலாவதியாகிவிட்டதால் இப்போது நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. உன் முழங்கால் வலியும் ரத்த அழுத்தமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன், அதனால்தான். காகிதத்தில் எனக்குப் பொய் வராது. முப்பத்தொரு வருஷம் பூகோள வாத்தியாராக இருந்து அடுத்தவர்களின் பொய்க்குச் சிவப்பு மை அடித்தவன். டாக்ஸிக்கார அபு தஹ்சீனின் மச்சான் வியாழக்கிழமை அம்மானுக்குச் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு வருகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெங்காயத்தோடு வரும் கடிதத்தின் மூக்கில் யாரும் குச்சி விடமாட்டார்கள்.

உன் கணவர் ஃபாழில் போன வருஷம் மவுத்தானபோது கொரோனாவால் எல்லை மூடிக் கிடந்தது. நாலே பேர் சேர்ந்து அடக்கினார்கள் என்று நீ போனில் சொன்னாய். நான் இங்கே சமையலறையில் கையில் போனோடு நின்றேன். நாற்பதாம் நாளுக்கும் வரமுடியவில்லை. அதனால் வருஷத்துக்காவது உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பாக்தாதுக்கும் அம்மானுக்கும் விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், எத்தனை வகுப்பில் இதை நானே கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டைக் கடக்க இப்போது மூக்கு, காகிதம், கடிகாரம் மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துழைக்க வேண்டும், சாஹிரா. என்னுடையவை ஒருநாளும் ஒத்துழைக்கவில்லை. சாம்பிள் எடுத்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் விமானம் ஏற வேண்டுமாம். வெள்ளிக்கிழமை லேபு கிடையாது, சனிக்கிழமை எடுத்தால் முடிவு வர நேரம் போதாது. ஆக, வியாழன் காலை ஒன்பதுக்கு எடுத்து, ஞாயிறு காலை எட்டு மணி விமானம் என்று ஒரு மணி நேரம் மிச்சம் வைத்துக் கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு உம்மு கஸ்வான் அறுபது கிலைச்சாப் பலகாரம் சுட்டு, பேரீச்சம்பழப் பூரணத்தில் ஏலம் தட்டிப் போட்டு, டப்பாவில் அடுக்கிக் கொடுத்தாள். கார் கிளம்பியதும் வாசலுக்கு ஓடிவந்து பெரிய கிண்ணத்தில் தண்ணீரை எனக்குப் பின்னால் தெருவில் ஊற்றினாள். நம் ஊர்ப் பெண்களை உனக்குத் தெரியாதா, அப்படி ஊற்றினால் போனவன் பத்திரமாகத் திரும்பி வந்துவிடுவான் என்று ஒரு நம்பிக்கை. திரும்பித்தான் வந்தேன், மதியச் சாப்பாட்டுக்கு. புழுதிக்காற்று வந்து வானம் மஞ்சளாகி, விமானம் தாமதமாகி, கவுண்டர் திறந்தபோது மணி பத்து.

“காகிதத்துக்கு எழுபத்து மூணு ஆயிடுச்சு உஸ்தாத். ஏத்த முடியாது” என்றார் கவுண்டர்காரர்.

“எனக்கும் எழுபத்து மூணுதான் மகனே. என்னை ஏத்துவீங்க, காகிதத்த ஏத்தமாட்டீங்களா?”

சிரித்தார், ஏற்றவில்லை. வீட்டுக்கு வந்தால் உம்மு கஸ்வானின் முகத்தில் அப்படியொரு பெருமை. “பாத்தீங்களா, நான் ஊத்துன தண்ணி வீண்போகுமா?” என்கிறாள். அவளை என்ன செய்வது?

இரண்டாவது தடவை உஷாராகிவிட்டேன். பெட்டியோடு முதலில் லேபு, முடிவு வந்ததும் நேரே விமானநிலையம் என்று ஏற்பாடு. ஆனால் அதற்கு நாலு நாள் முன்பு தெருக்காரர்கள் எனக்கு வழியனுப்பு விருந்து வைத்தார்கள். ஓர் ஆட்டை அறுத்து, சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கடைசியில் ஒவ்வொருவராக வந்து வலக் கன்னம், இடக் கன்னம், மறுபடி வலக் கன்னம் என்று முத்தம் கொடுத்தார்கள். விலகியிருக்க வேண்டும், தெரியும். எனக்கு அறிவில்லையா? ஆனால் ஒரு வருஷமாக என்னை யாரும் தொடவில்லை, சாஹிரா. லேபுக்காரியின் குச்சி மட்டும்தான் தொட்டது. அதனால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். பதினோரு பேர். பாசிட்டிவ் என்று காகிதம் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்; அன்றைக்கும் தண்ணீர் ஊற்றியிருந்தாள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? காய்ச்சல் பெரிதாக ஒன்றுமில்லை. பதினாலு நாளும் வாசற்படியில் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். பட்டாணிக் குழம்பின் மணம் இருக்கும், ஆள் இருக்காது. நாலாம் நாள் முதல் சுவரிலுள்ள உலகப்படத்துக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தேன். தென் அமெரிக்கா ஒழுங்காகக் கவனித்தது.

மூன்றாவது தடவைதான் உன்னிடம் மறைத்தது. போன புதன்கிழமை, முன்னறிவிப்பில்லாமல் உன் கதவைத் தட்டலாம் என்ற ஆசை. காகிதம் நெகட்டிவ், நேரம் சரி, வானமும் நீலம். அம்மான்காரர்கள் புதிதாக ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள், அதைப் போனில் நிரப்பினால் ஒரு கறுப்புக் கட்டம் வரும், அதைக் காட்ட வேண்டும். என் போன் வெறும் பட்டன் போன். அபு தஹ்சீன்தான் முந்தினநாள் தன் போனில் நிரப்பினார்.

“யார் வீட்ல தங்குவீங்க உஸ்தாத்? பேரு, நம்பர் சொல்லுங்க.”

தங்கை பெயரை அந்நிய ஆணிடம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நம் வீட்டில் உண்டா? வாப்பா காதில் விழுந்தால் கபரிலிருந்து எழுந்து வந்துவிடுவார். பதினைந்து வருஷமாக அம்மானுக்கு எந்தக் காகிதத்திலும் எழுதிவந்த பெயரையே சொல்லிவிட்டேன். ஃபாழில். அவர் நம்பரையும் சொன்னேன், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே அம்மான் நம்பர் அது. சொல்லும்போது ஒன்றும் உறைக்கவில்லை. கவுண்டரிலிருந்த பெண் சரிபார்க்கிறேன் என்று போன் போட்டாள். திரும்பத் திரும்பப் போட்டாள்.

“எடுக்கமாட்டேங்கறாரே உஸ்தாத்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் என்ன செய்திருக்கிறேன் என்று.

“எடுக்கமாட்டார்மா. அவர் மவுத்தாயிட்டார்.”

அவள் படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மவுத்தானவர் வீட்லயா தங்கப்போறீங்க?”

புதுப் படிவம் போட்டால் அனுமதி வர ஒருநாள் ஆகுமாம், அதற்குள் காகிதம் செத்துவிடும். திரும்பினேன். சாயங்காலம் நீ கூப்பிட்டாய். “அண்ணே, இன்னிக்கு அவரு போன் அடிச்சுது. நாலு தடவ. எடுக்கக் கையே வரல” என்றாய். நான் என்ன சொன்னேன்? “ராங் நம்பரா இருக்கும்” என்றேன்.

ராங் நம்பர் இல்லை, சாஹிரா. அது உன் அண்ணன். மன்னித்துக்கொள். யாரோ என்னமோ என்று இந்த ஒரு வாரமாக நீ தூங்கியிருக்கமாட்டாய். அவருடைய போனை ஒரு வருஷமாக நீ சார்ஜில் போட்டு வைத்திருக்கிறாய் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அன்று முழுவதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில் நீ ஒரு போனோடு, இன்னொரு வீட்டில் நான் ஓர் உலகப்படத்தோடு. நடுவில் ஒன்றரை மணி நேரம்.

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன், நான் வரவில்லை. வருகிறேன் வருகிறேன் என்று உன்னை வாசலில் நிறுத்துவதைவிட இதுவே மரியாதை. வெள்ளிக்கிழமை வருஷத்தன்று நீ அங்கே யாசீன் ஓது, அதே நேரத்தில் நான் இங்கே ஓதுகிறேன். கிலைச்சா மூன்று தடவை பெட்டியோடு போய் வந்ததில் தூளாகிவிட்டது. டீயில் கொட்டிக் குடித்துவிட்டேன். எனக்காகக் கவலைப்படாதே, மாத்திரையை மறக்காதே. இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும், முழங்காலுக்குப் பலமும், மனத்துக்குப் பொறுமையும் தருவானாக. கர்ராதாத் தெரு முழுவதும் உனக்கு சலாம் சொல்கிறது.

உன் அண்ணன்,
ஹிக்மத்

பின்குறிப்பு: வியாழன் சாயங்காலம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, என்னிடம் சிவப்பு மை இல்லை. லாரிக்காரரிடம் கடிதத்தைக் கொடுக்கவில்லை. அம்மானில்தான் இருக்கிறேன், விமானநிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில், மூன்றாம் மாடியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இறங்கியதும் இங்கேயும் குச்சி விட்டார்கள். நாளைக் காலை முடிவு. இந்தக் கடிதத்தை நானே உன் கையில் கொடுத்தால் நெகட்டிவ். வேறு யாராவது கொண்டுவந்து கொடுத்தால் விடுதிக்கு வந்து ஜன்னலுக்குக் கீழே நில், கையசைக்கிறேன், நீ கீழிருந்து ஓது, நான் மேலிருந்து ஓதுகிறேன்.

கடிதத்தை எழுதி முடித்து ஒருமுறை படித்தேன், இருப்புக்கொள்ளவில்லை. புதன் விடியற்காலையிலேயே மூக்கைக் கொடுத்துவிட்டு, அபு தஹ்சீனை உட்காரவைத்து, “சாஹிரா. எழுதுங்க, சாஹிரா” என்று சத்தமாகவே சொன்னேன். “நல்ல பேரு உஸ்தாத், இத்தன நாளா எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?” என்றார். வாப்பா எழுந்து வரவில்லை.

உம்மு கஸ்வானிடம், இந்தத் தடவை தயவுசெய்து ஊற்றாதே என்று கெஞ்சினேன். “அப்ப திரும்பி வரவேணாமா?” என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. முதலில் போய்ச் சேருகிறேன் அம்மா என்றேன். தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், நிறைந்த கிண்ணத்தைச் சொட்டுக்கூடச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். ஆகவே, நான் இங்கிருந்து கிளம்பும் நாளில் எனக்குப் பின்னால் தண்ணீர் ஊற்ற மறந்துவிடாதே. கிண்ணம் போதாது, வாளியில் ஊற்று.