மூக்கில்லாதவளும் தொட்டி மூடியும்

சாமான் வாங்குகிற மனிதர்களில் இரண்டு வகை உண்டு. உட்கார, படுக்க, சமைக்க, துடைக்க என்று ஏதோ ஒன்றுக்காக வாங்குகிறவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை, விட்டுவிடுவோம். இன்னொரு வகை, வீட்டுக்குச் சிலை வாங்குகிறவர். இன்றைக்கு இவரைத்தான் பார்க்கப் போகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாருங்கள். எதையும் தொடாதீர்கள். அவருக்கு நெஞ்சை அடைக்கும்.

இவர் வாயில் 'வாங்கினேன்' என்ற சொல் வராது. "கிடைச்சது" என்பார், நடந்து போகும்போது காலில் இடறியதுபோல. நீங்கள் வெயிலில் வந்து நாக்கு வறண்டு நின்றாலும் தண்ணீர் வராது. "முதல்ல ஒரு சுத்து சுத்தி வந்துடுங்க" என்பார். சிலையை ஒரு பக்கம் மட்டும் நின்று பார்த்தால் குற்றமாம். சுற்றி வர இடம் வேண்டாமா? அதற்காகச் சிலை கூடத்தின் நடுவிலும், சோபா சுவரோடு ஒட்டியும், சாப்பாட்டு மேசை மாடிப்படிக்கு அடியிலும், பிள்ளைகளின் சைக்கிள் படுக்கையறையிலுமாக ஒரு குடும்பமே ஓரமாக ஒதுங்கி வாழும். சுற்றி முடித்ததும் "என்ன தோணுது?" என்று கேட்பார். தோன்றுவதைச் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். "உள்ள ஏதோ பண்ணுது" என்று நெஞ்சைத் தடவுங்கள். உடனே காப்பி வரும்.

என் தங்கை மகன் இந்த இனம்தான். ரசிகர் என்றுதான் அவனுக்குப் பெயரே. பெயர் வைத்தது நான். அவன் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பத்து நாள் இருந்துவிட்டு வரலாமென்று அவன் புது வீட்டுக்குப் போயிருந்தேன். கூடம் நிரம்பிவிட்டதால் அப்போது அவன் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தான். தோட்டத்தின் நடுவே கருங்கல்லில் ஒரு பெண், மண்டி போட்டு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முகம் வழவழவென்று முட்டை போல இருந்தது.

"மூக்கு எங்கேடா?" என்றேன்.

"மூக்கு நம்ம மனசுல இருக்கு பெரியம்மா."

"அதை அங்கேயிருந்து எடுத்து இவளுக்கு வெச்சா என்ன?"

பேச்சை மாற்றினான். காலடியைக் காட்டினான். அவள் மண்டியிட்டிருந்தது ஒரு சதுரமான சிமெண்ட் பலகையின் மேல். காலை வெயில் நேராக விழும் இடம், சமமான தளம், ஏற்கெனவே யாரோ போட்டு வைத்த மேடை. அதிர்ஷ்டம் என்றால் இதுவல்லவா? ஆடாமல் அசையாமல் இருக்கச் சுற்றிலும் சிமெண்ட் வேறு பூசியிருந்தான்.

"அது செப்டிக் டேங்க் மூடி பெரியம்மா" என்றாள் அவன் பெண்டாட்டி, துணி காயப்போட்டுக்கொண்டே. "அன்னிக்கே சொன்னேன்."

"உனக்கு எப்பவும் கீழதான் பார்வை" என்றான் ரசிகர். "கொஞ்சம் மேல பாரு."

சிலை வந்ததிலிருந்து மேலே பார்த்துக்கொண்டே எட்டு மாதம் போயிருந்தது. நான் போன நான்காம் நாள், கீழே இருந்தது பேச ஆரம்பித்தது. முதலில் குளியலறையில் ஒரு 'களக்'. பிறகு இரண்டு. சாயங்காலத்துக்குள் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாமல் எதிர்கொண்டு வந்தது. தோட்டத்தில் ஒரு வாசனை எழும்பியது பாருங்கள், நாங்கள் மூன்று பேரும் முந்தானையும் துண்டுமாக முகத்தைக் கட்டிக்கொண்டு அலைந்தோம். அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தவள் மூக்கில்லாத அவள் ஒருத்திதான்.

மறுநாள் மாலை அவன் பெண்டாட்டியின் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். வீடு கட்டிக் குடிவந்தபின் முதல் தடவையாக. அவள் அழவில்லை, கத்தவில்லை. பெட்டியை எடுத்துக் கட்டிலின் மேல் திறந்து வைத்தாள்.

"எங்கப்பா வந்து இறங்கும்போது அந்தத் தண்ணி கீழ போகணும். போகலேன்னா அவங்க வந்த வண்டியிலேயே நானும் போறேன். நீங்க அவளைச் சுத்தி வந்துட்டே இருங்க."

ரசிகர் சிரித்துப் பார்த்தான். பெட்டிக்குள் புடவைகள் போய்க்கொண்டிருந்தன. சிரிப்பு நின்றது.

காலையில் கழிவுநீர் லாரி வந்தது. லாரிக்காரர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தவர், சிலையைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"இந்தம்மா எழுந்திருக்குமா சார்?"

"அது சிமெண்ட் போட்டு வெச்சது."

"அப்ப கடப்பாரைதான்."

"கடப்பாரையா! அது எவ்வளவு நுணுக்கமான வேலை தெரியுமா? நீங்க ஒரு தடவை சுத்தி வந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க."

அந்த மனிதர் நல்லவர். குழாயோடு ஒரு சுற்று வந்தார்.

"என்ன தோணுது?" என்றான் இவன், பழக்க தோஷத்தில்.

"டேங்க் ரொம்பிடுச்சுன்னு தோணுது சார். எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு. சிலையா, கக்கூஸா? சீக்கிரம் சொல்லுங்க."

ரசிகர் சன்னல் பக்கம் திரும்பினான். உள்ளே பெட்டியின் பூட்டு 'டக்'கென்று விழுந்தது. "இடிங்க" என்றான். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி முகத்தை மூடிக்கொண்டான்.

நான்கு பேர் சேர்ந்து நெம்பினார்கள். அவள் எழுந்தாள். ஆனால் தூக்கியிருந்த கை மட்டும் முழங்கையோடு கழன்று என் காலடியில் வந்து விழுந்தது. மூடி திறந்தது. அதற்கப்புறம் அரைமணி நேரம் நடந்ததை நான் சொல்லப் போவதில்லை.

மாலையில் சம்பந்தியும் அவர் மனைவியும் வந்து இறங்கினார்கள். தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது, பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிருந்தது. நம்மவன் அடங்கினானா? மாமனாரை வாசலிலேயே மடக்கி, மாமர நிழலுக்கு மாறியிருந்த கல் பெண்ணைச் சுற்றி அழைத்துப் போனான்.

"ஒரு கை எங்க மாப்பிள்ளே?"

"கை நம்ம மனசுல இருக்கு மாமா. இப்பத்தான் சிலை முழுமையாச்சு."

"ரொம்ப சந்தோஷம்" என்றார் பெரியவர், நீண்ட பயணத்தில் வந்தவர். "பாத்ரூம் எங்க இருக்கு?"

வழி காட்டியது மகள்தான். குளியலறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் அந்தக் கருங்கல் கையை அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அவன் இதுவரை வாங்கியதில் ஒரு வேலை செய்தது அது ஒன்றுதான்.

சிரிக்கிறீர்கள். நம் வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது என்கிறீர்கள். அப்படியா? டிவிக்குப் பக்கத்தில் நிற்கிற அந்தப் பித்தளை மான் தானாகவா நடந்து வந்தது? விருந்தாளி அதைப் பார்க்காமல் உட்கார்ந்தபோது, அதை ஒரு விரல் அகலம் நகர்த்தி வைத்துத் தொண்டையைச் செருமியது யார்? துடைக்கப் போன பெண்டாட்டியை "பாத்து, பாத்து" என்று அதட்டியது யார்? எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்டால், உங்கள் நாக்கு நுனியில் 'கிடைச்சது' நிற்கிறதா இல்லையா?

நிற்கிறது என்றால் உட்கார்ந்திருக்காதீர்கள். தோட்டத்துக்குப் போய், உங்கள் வீட்டுத் தொட்டி மூடி எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.