உப்பைப் படுக்க வைத்தவள்

தப்பாக இருப்பதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை, ஓட்டல் பில்லில் கூட்டல் தவறு, சுவரில் சாய்ந்து தொங்கும் காலண்டர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் திருத்திவிடுவேன். இதனால் எனக்கு நேர்ந்த அவமானங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன் (நிஜமாகவே, போனில் இருக்கிறது). அதில் முதல் இடம் உப்புக்கு.

அப்போது நான் திருப்பதியில் பி.டெக் இரண்டாம் வருஷம். புத்தூரிலிருந்து காலை பாசஞ்சரில் போய்வரும் தமிழ்ப் பெண்கள் நாங்கள் ஏழு பேர்; ஒரே வகுப்பு, ஒரே பெட்டி. சர்க்யூட்டுக்கும் புரோகிராமுக்கும் நடுவே, யாரும் கேட்காமலேயே, நுண்ணினப் பொருளியல் அறிமுகம் என்று ஒரு பாடம் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது ஓய்வு நேரம். எனக்கோ முதல் வாரமே அதில் ஒரு தப்பு கண்ணில் பட்டுவிட்டது.

விலை ஏறினால் வாங்கும் அளவு குறைகிறது. ஆக, விலை காரணம், அளவு விளைவு. காரணத்தைப் படுக்கை அச்சிலும் விளைவைச் செங்குத்து அச்சிலும் போட வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்த கணக்கு. பொருளியல் புத்தகத்தில் அது மாறிக் கிடந்தது. விலை நின்றது, அளவு படுத்திருந்தது. எழுந்து நின்று சொன்னேன்.

மேடம் தெலுங்குக்காரர். எங்களிடம் இரண்டு மொழியும் கலந்துதான் பேசுவார். "அவுனம்மா, நீ சொல்ற லாஜிக் சரிதான். ஆனா எல்லாரும் இப்படித்தான் போட்றாங்க. நீயும் போட்டுட்டுப் போயேன்."

எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா? (பத்தொன்பது வயதில் இந்தக் கேள்வியை நாளைக்கு நான்கு முறையாவது கேட்டுக்கொள்வேன்.) அன்று முதல் என் நோட்டில் எல்லாப் படமும் என் முறைப்படிதான். அதோடு நின்றிருக்கலாம்.

இன்டர்னல் தேர்வு நாள் காலை, ரயிலில் என் பக்கத்தில் கவிதா உட்கார்ந்திருந்தாள். நாராயணவனத்துக்காரி, கல்லூரிக் கபடி அணியின் ரெய்டர். நான்கு நாளில் சித்தூரில் போட்டி. இன்டர்னலில் ஒரு பாடம் போனாலும் அணியின் பஸ்ஸில் இடம் கிடையாது என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். மற்ற பாடங்களை அவள் எப்படியோ தாண்டிவிட்டாள். பாக்கி இது ஒன்று.

"உப்புக் கேள்வி கண்டிப்பா வருமாம்டி. ரேட்டு இன்னா ஏறினாலும் உப்பு அதே அளவுதான் வாங்குவோம், அதனால கோடு நேரா நிக்கும். கைடு பாத்து மனப்பாடம் பண்ணிக்கினேன்" என்றாள்.

"நிக்காது. படுக்கும்."

"கைடுல நிக்குதேடி!"

"கைடு தப்பு."

ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் வரைந்து காட்டினேன். விலையைப் படுக்கை அச்சில் போட்டால், அளவு மாறாத உப்பின் கோடு படுத்துத்தானே ஆக வேண்டும்? ரேணிகுண்டா வருவதற்குள் கவிதாவோடு மற்ற ஐந்து பேரும் மனம் மாறியிருந்தார்கள்.

உப்பு வந்தது. ஐந்து மார்க். ஏழு பேரும் அதைப் படுக்க வைத்தோம்.

அணி கிளம்பும் நாள் காலையில்தான் விடைத்தாள் கைக்கு வந்தது. ஆறு பேருக்கு உப்பில் பூஜ்யம். எனக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.

எந்த அச்சில் எது என்று நான் பெயர் எழுதியிருந்தேன். மேடம் அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தார். ரயிலில் பாடம் எடுத்த வேகத்தில் அந்த ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொல்ல மறந்திருந்தேன். பெயரில்லாத அச்சுகளுக்கு நடுவே படுத்திருக்கும் உப்பு, யார் பார்த்தாலும் தப்பு. ஐந்து பேர் மற்ற கேள்விகளில் தேறிவிட்டார்கள். கவிதாவுக்கு மூன்று மார்க் குறைந்தது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. பையிலிருந்து ஷூவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள்.

அவளை இழுத்துக்கொண்டு மேடம் அறைக்கு ஓடினேன். மேடம் வகுப்பில் இருந்தார். வாசலிலேயே மத்தியானம் வரை காத்திருந்து, வந்ததும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"உப்பு ரேட்டு டபுள் ஆனா நீ என்னம்மா பண்ணுவே?" என்று கவிதாவைக் கேட்டார்.

"இன்னா பண்றது மேடம், வாங்கித்தான் ஆகணும். ரேட்டு ஏறுதுன்னு உப்பில்லாம துன்ன முடியுமா? கொறஞ்சா மட்டும் அள்ளியா துன்னப் போறோம்?"

மேடம் சிரித்துவிட்டார். "இதானே பாடம்!" என்று சிவப்புப் பேனாவால் நான்கு மார்க் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இனிமே ட்ரெய்ன்ல தூங்கிட்டு வாம்மா" என்றார்.

வெளியே வந்தால், பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆட்டம் நாலு மணிக்கு.

அண்ணனுக்குப் போன் செய்தேன். பலமனேரிலிருந்து தக்காளி ஏற்றிவந்து திருப்பதி மார்க்கெட்டில் இறக்கும் குட்டியானை (சின்ன லாரிதான்) ஓட்டிக்கொண்டிருந்தான். காலி வண்டியோடு சித்தூர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். கல்லூரி வாசலுக்கு வந்தான். கவிதா முன்னால் ஏறினாள். நானும் கால் வைத்தேன்.

"அண்ணா, இவ இங்க உக்காந்தா நான் எறங்கிடுவேன்" என்றாள் கவிதா. (ஆமாம், 'அண்ணா' என்றுதான் சொன்னாள். இன்றுவரை மறுக்கிறாள்.)

அண்ணன் கூடப்பிறந்தவளைப் பார்த்தான். "இன்னாடி பாத்துக்கினு நிக்கிற? பின்னாடி ஏறு."

காலித் தக்காளி கிரேட்டுகளுக்கு நடுவே, வகுப்பின் முதல் மாணவியான நான் சித்தூர் வரை குலுங்கிக்கொண்டு போனேன். சின்னக் கண்ணாடி வழியே, கவிதா கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதும் அண்ணன் சிரித்துச் சிரித்து ஸ்டியரிங்கைத் தட்டுவதும் தெரிந்தது. எதைப் பற்றி என்று ஊகிக்கப் பொருளியல் தேவைப்படவில்லை.

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இறக்கிவிட்டோம். அணி தோற்றது. ஆனால் கவிதா ஆடினாள். பலமனேரை மறந்துவிட்டு அண்ணன் கடைசி விசில் வரை நின்று கத்தினான். அதற்கு முன் அவன் கபடி பார்த்து நான் கண்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவர்களுக்குக் கல்யாணம். "என் பொண்ணு பேச்சைக் கேட்டு ஃபெயிலான பொண்ணு, இப்ப எங்க மருமவ" என்றுதான் நைனா இன்னமும் அண்ணியை அறிமுகப்படுத்துகிறார். அந்தக் குட்டியானைப் பயணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் யானை வரைந்துகொண்டிருந்தாள். நாலு வயசு. யானைக்கு ஐந்து கால். ஒன்றை அழிக்கலாமா என்று ரப்பரை எடுத்தேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அத்த, பின்னாடி ஏறு."