மெண்டுங்கின் கடைசிப் பல்

கைபேசியில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பல் எத்தனை?

சுகெங் பதில் போடவில்லை. ஜகார்த்தாவை ஒட்டிய டெப்போக்கில் தன் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். மெண்டுங் படத்தை நாட்டில் யாரும் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டு வந்திருக்கும் இருபது பேரில் அவரும் ஒருவர். அதிலும் அகில இந்தோனேசிய மெண்டுங் ரசிகர் மன்றத்துக்கே தலைவர். சிக்கல் ஒன்றுதான். படம் முழுக்க அவர் தூங்கிவிட்டார்.

மெண்டுங்கை அங்கே தெரியாதவர் கிடையாது. பகலில் கல்யாண வீடுகளுக்கு மழையைத் தள்ளி நிறுத்திக் கொடுக்கும் பவாங். ஆபத்து என்று வந்துவிட்டால் இடியையும் மின்னலையும் கையில் எடுக்கும் மந்திர வீரன். ஒரு மந்திரம் போட்டால் ஒரு பல் விழும். அதுதான் அவனுக்கு விதி. நாற்பத்தோரு சித்திரக்கதைப் புத்தகங்கள் வந்து முடிந்தபோது அவன் வாயில் மிச்சமிருந்தவை பதினொன்று.

படத்தில் மெண்டுங்காக நடிப்பவரோ ஒரு பற்பசை விளம்பரத்தின் நிரந்தர நாயகன். முன்னோட்டத்தில் அவர் மழையைப் பார்த்துச் சிரித்தபோது முப்பத்திரண்டும் பளபளத்தன. அன்றிலிருந்து நாடு இரண்டுபட்டது. விலைவாசியைப் பற்றி வாயே திறக்காத தொண்ணூறாயிரம் பேர், மெண்டுங்கின் பல்லைக் குறைக்கச் சொல்லி மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் படக் கம்பெனி மன்றத்தார் இருபது பேரைக் கூப்பிட்டு, ரகசியப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சின்ன அரங்கில் உட்கார வைத்தது.

தலைவர் என்பதால் சுகெங்குக்கு முன்வரிசையில் தனிச் சோபா. முந்தின இரவு ஆர்வத்தில் கண்ணே மூடவில்லை. மதியம் கம்பெனிச் செலவில் பொரித்த வாத்து இரண்டு தட்டு. விளக்கு அணைந்தது, ஏசி குளிர்ந்தது, சோபா மெத்தென்று இருந்தது. அடுத்து அவருக்கு நினைவிருப்பது, விளக்கு எரிந்துகொண்டிருந்ததும் மடியில் யாரோ ஒரு பரிசுப் பையை வைத்ததும்தான். திரும்பிப் பார்த்தார். மற்ற பத்தொன்பது பேரும் ஒரு வார்த்தை பேசாமல், தலையைக் குனிந்தபடி வெளியேறிக்கொண்டிருந்தார்கள். படம் அவ்வளவு உலுக்கிவிட்டிருக்கிறது என்று அவர் நினைத்தார்.

"படம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி யுயுன்.

"சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

யுயுன் அருகே வந்து அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "கன்னத்துல என்னங்க இது? சோபாவோட தையல் அப்படியே அச்சா விழுந்திருக்கு."

அவளிடம் மறைத்துப் பயனில்லை. பதினேழு வருஷக் குடித்தனத்தில் எதையும் மறைத்து அவர் வென்றதில்லை. தூங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார். அவள் சிரித்து முடித்துவிட்டு, தூங்கிட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன், கொலையா பண்ணீங்க என்றாள்.

அது அவளுக்குச் சுலபம். சுகெங் வட்டார அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவர். நிமிர்ந்து உட்காருங்கள் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். பாதிப் பேர் அதைக்கூடக் கேட்பதில்லை. மன்றத்தில் மட்டும்தான் நாற்பதாயிரம் பேர் அவர் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். பத்து நாளில் தலைவர் தேர்தல் வேறு. எதிர்த்து நிற்பவர் தோகார், பெக்காசியில் பழைய கார் விற்பவர், குரலிலேயே பாதிக் காரை விற்றுவிடுவார். முதல் காட்சியிலேயே குறட்டை விட்ட தலைவர் என்று தெரிந்தால் தோகாருக்குப் பிரசாரமே தேவையில்லை.

ஆகவே சுகெங் பொதுவாக ஒரு வரி எழுதிப் போட்டார். ரகசியத்தைச் சொல்ல முடியாது, ஆனால் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் வெளியே வருவீர்கள்.

ஒரு மணி நேரத்தில் ஊர் பற்றிக்கொண்டது. சிரிப்பு என்றால் பல், பல் என்றால் முப்பத்திரண்டு, ஆக எல்லாம் போச்சு என்று ரசிகர்கள் முடிவுகட்டினார்கள். பண்டுங்கில் ஒருவர் பற்பசைக் குழாய்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் மேல் லாரி ஏற்றிக் காணொளி போட்டார். படத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்று தீர்மானம் தயாரானது. தலைவர் விலைபோய்விட்டார் என்றும் சிலர் எழுத ஆரம்பித்தார்கள்.

பயந்துபோய் அவர், சிரிப்பு வரும், கூடவே அழுகையும் வரும் என்று திருத்தினார். எதற்கு அழுகை என்று கேட்டார்கள். பல்லுக்குத்தான் என்றார். எந்தப் பல் என்றார்கள். மேலா, கீழா, முன்னா, கடைவாயா என்று அவரைப் போட்டுத் துளைத்தார்கள். அலுவலகத்தில் ஒரு கிழவரை நிமிர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு, காமிராவுக்குப் பின்னால் குனிந்தபடி சுகெங் எழுதினார்: கடைசியில் ஒரே ஒரு பல். மேல் முன்பல். புயலை நிறுத்த அதையும் அவனே பிடுங்கிக் கடலில் எறிகிறான். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது. கிழவர் கண்ணை மூடியபடி இருக்கும் படம்தான் அட்டையில் பதிவானது.

இனி மற்ற பத்தொன்பது பேர் வந்து தன் பொய்யைக் கிழிக்கப் போகிறார்கள் என்று அவர் காத்திருந்தார். முதலில் வந்தது தோகார்தான். தலைவரே உடைத்துவிட்டதால் நானும் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். பல் தண்ணீரில் விழுந்த இடத்தில் அலை அப்படியே நின்றதாம். தன் பக்கத்திலிருந்தவர்கள் தேம்பினார்களாம். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பல்லின் வேரில் இருந்த ரத்தம் என்றார் ஒருவர். பின்னணியில் ஒலித்த காமெலான் இசை என்றார் இன்னொருவர். பொழுது சாய்வதற்குள் பதினெட்டுப் பேரும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டிருந்தார்கள்.

சுகெங்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. தான் இட்டுக்கட்டியது படத்தில் அப்படியே இருந்திருக்கிறது. கண் மூடியிருந்தாலும் காது திறந்திருந்திருக்கும், தூக்கத்திலேயே படம் உள்ளே இறங்கியிருக்கும் என்று யுயுனிடம் விளக்கினார்.

"அப்ப என் அம்மா வீட்டுக்குப் போகணும்னு நான் சொல்றதும் அப்படி உள்ள இறங்குதா?" என்று கேட்டாள் அவள்.

ஒருவர் மட்டும் சேரவில்லை. தர்சோனோ. பசார் மிங்குவில் மருந்துக் கடை வைத்திருப்பவர், மன்றத்தைச் சுகெங்கோடு சேர்ந்து தொடங்கியவர், மெண்டுங்கின் நாற்பத்தோரு புத்தகங்களையும் மூலப் பதிப்பில் வைத்திருப்பவர். அவர் குழுவில் ஒரே வரி எழுதினார்: நான் அப்படி எந்தக் காட்சியையும் பார்க்கவில்லை.

அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கைக்கூலி என்றார்கள். கண் டாக்டரின் முகவரியை அனுப்பினார்கள். மருந்துக் கடைக்கு வந்து பற்பசையைக் கேட்டு வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே காலில் போட்டு மிதித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தர்சோனோ சுகெங்கின் வீட்டுக்கு வந்தார். காப்பியைத் தொடவில்லை.

"சுகெங், அன்னிக்கு அங்க என்ன நடந்துச்சுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

தூங்கினது இவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார் சுகெங். "என்ன நடந்துச்சு?" என்றார் மெதுவாக.

"அதை வெளிய சொல்ல மாட்டேன். வார்த்தை குடுத்திருக்கேன். ஆனா நீ இப்படி ஒண்ணைக் கட்டிவிட்டா, நாளைக்குப் படம் வரும்போது அத்தனை பேரும் ஏமாந்து நிப்பாங்க. நிறுத்திடு, போதும்."

"பதினெட்டுப் பேர் பாத்திருக்காங்க. நீ ஒருத்தன் பாக்கலைன்னா அது உன் கண்ணோட கோளாறு."

தர்சோனோ, சரி, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். சுகெங்குக்கு அவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றுதான் இருந்தது. பதினைந்து வருஷ நட்பு. ஆனால் தூங்கின ரகசியம் அந்த மனிதரின் வாயில் இருக்கும்வரை நிம்மதி இல்லை. அன்று மாலையே தோகார் கொண்டுவந்த நீக்கத் தீர்மானத்தை ஏற்று, தர்சோனோவின் பெயரை மன்றத்திலிருந்து அவரே தன் விரலால் அழித்தார். அழித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கடைசிப் பல் பித்து ஊரெல்லாம் ஏறிவிட்டது. ஒற்றைப் பல் வரைந்த சட்டைகள் வந்தன. முதல் நாள் காட்சிக்கு எல்லோரும் பல்லில் மை பூசிக்கொண்டு வருவது என்று முடிவானது. மை பூசுவதெல்லாம் போலி பக்தி என்று தோகார் கிளம்பினார். தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவர் ஒரு காணொளி போட்டார். வாயைத் திறந்து காட்டினார். மேல் முன்பல் இருந்த இடம் காலி.

"அந்தக் காட்சியைக் கண்ணால பாத்தவனுக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்ல. நம்ம தலைவரும் பாத்தவர்தானே? அவர் என்ன பண்றார்னு பாப்போம்."

நாற்பதாயிரம் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுகெங் முதலில் பற்பசைக் கம்பெனியைக் கண்டித்து அறிக்கை விட்டார், எடுபடவில்லை. ஒரு மெழுகுத் துண்டைக் கறுப்பாக்கி ஒட்டிப் படம் எடுத்துப் போட்டார். மெழுகு, மெழுகு என்று முதல் நிமிடத்திலேயே ஒருவர் வட்டமிட்டுக் காட்டிவிட்டார். தோகாருக்கு ஆதரவு மளமளவென்று ஏறியது.

பல் மருத்துவர் அவர் வாயைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது இன்னும் நாப்பது வருஷம் வர்ற பல்லு, பாக் சுகெங். இதை எதுக்கு எடுக்கணும்?"

"பொது வாழ்க்கைன்னு வந்தா சிலதை இழக்கணும்," என்றார் சுகெங்.

வீட்டுக்கு வந்தபோது யுயுன் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. தூங்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பல்லு போனாத் தேவலையா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள்.

தேர்தலில் அவர் அமோகமாக ஜெயித்தார். மறுநாள் அலுவலகத்தில் சகரம் வந்த இடமெல்லாம் காற்றுப் போனது. நிமிர்ந்து உட்காரச் சொன்னபோது மக்கள் சிரித்தார்கள்; அடையாள அட்டைகளில் முதல் முறையாக எல்லோரும் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான் படக் கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து விண்டா என்ற பெண் கூப்பிட்டாள். அன்னிக்கு நடந்ததைப் பத்திப் பேசணும், நேர்ல வாங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரகசியப் பத்திரம் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. வழக்கு, நீதிமன்றம், சிறை என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே ஜகார்த்தாவுக்குப் போனார். எல்லாப் பழியையும் தோகார்மேல் போடுவது என்று முடிவுசெய்தார். பிறகு குழுவில் தன் பதிவுதான் முதலில் வந்தது என்று நினைவு வந்தது.

விண்டா கூட்டத்தில் இருந்தாள். அந்தச் சின்ன அரங்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அதே சோபா. படம் ஓட்டும் மனிதர், காஸ்டி என்று சட்டையில் பெயர் தைத்திருந்த பெரியவர், பின்னால் எந்திரத்தைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார். அவர் சுகெங்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இறங்கி வந்தார்.

"வாங்க பாக். உங்களை நல்லா ஞாபகம் இருக்கு. அன்னிக்கு இங்க குழந்தை மாதிரி அசந்து தூங்கினீங்களே. டார்ச்சை எடுத்துக்கிட்டு முன்னாடியும் பின்னாடியும் நான் ஓடிக்கிட்டிருந்தப்ப நாலு வாட்டி பாத்தேன்."

சுகெங் எழுந்து கதவைச் சாத்தினார். பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பல் போன சந்து வழியாகக் கொட்டியது. தன் மானமே அவர் கையில் இருப்பதாகச் சொன்னார். நாற்பதாயிரம் பேர் தன்னை நம்பி இருப்பதாகச் சொன்னார். உயிர் நண்பனையே இதற்காகத் தள்ளி வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"படம் ஓடிக்கிட்டிருந்தப்ப நான் தூங்கினேன்னு மட்டும் வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பாக்."

காஸ்டி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார்.

"எந்தப் படம் பாக்? அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நான் முட்டி மோதியும் எந்திரம் ஓடவே இல்ல. வெளிய சொல்லாதீங்க, எந்திரம் சரியானதும் போட்டுக் காட்டறோம்னு விண்டாம்மா கைகூப்பிக் கேட்டு, எல்லாரையும் பரிசுப் பையோட அனுப்பி வெச்சாங்களே."